அப்பத்தா குடியிருந்த நீலக் கட்டம்

நகரமைப்புப் படிக்கப் போன இடத்தில் எங்களுக்கு முதலில் கற்றுத்தந்தது வண்ணம் பூச. வீடு மஞ்சள், கடை நீலம், தொழிற்சாலை ஊதா, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சிவப்பு, பூங்கா பச்சை. 1970களின் நடுப்பகுதி. அவரவர் சொந்த ஊரில் ஒரு பகுதியை அளந்து வரைந்து, நிலப் பயன்பாட்டுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். மதுரையில் தெற்காவணி மூல வீதிக்கும் தெற்குமாசி வீதிக்கும் நடுவே இருக்கிற எங்கள் சந்தினை வரைந்தேன். வரைந்தாயிற்று. வண்ணம் பூச உட்கார்ந்தபோதுதான் சிக்கல்.

எங்கள் வீட்டில் கீழே நகைப் பட்டறை, மாடியில் நாங்கள். பக்கத்து வீட்டில் கீழே பாத்திரக் கிட்டங்கி, மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், அதற்கும் மேலே தகரம் வேய்ந்த மச்சில் இன்ஸ்டிடியூட்காரரின் குடும்பம். எதிரே முன்பாதி அச்சாபீஸ், பின்பாதி இரண்டு குடித்தனம், நடுவில் ஒரு பிள்ளையார். இதற்கெல்லாம் எந்த வண்ணம்? பேராசிரியரிடம் கேட்டேன். “எது பிரதானமோ அதைப் போடு” என்றார். பிரதானம் என்பதை எதை வைத்து முடிவு செய்வது என்றேன். “வாசலில் எது இருக்கிறதோ அது.”

நீலம் பூசினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. தாலி கட்டி வந்த நாளிலிருந்து அந்த மாடியை விட்டு இறங்காத என் அப்பத்தா, வரைபடத்தின்படி அங்கே குடியிருக்கவே இல்லை. விடுமுறையில் போய் அவளிடம் சொன்னேன். “அப்ப வீட்டு வரிய எவன் வீட்டுக்குடா கட்டுறோம்?” என்று கேட்டாள். பாடத்திட்டத்தில் அதற்குப் பதில் இல்லை.

பேராசிரியரைக் குறை சொல்வதற்கில்லை. அன்று உலகம் முழுவதும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 1933இல் ஐரோப்பியக் கட்டடக் கலைஞர்கள் மார்செய்யிலிருந்து ஏதென்ஸுக்குப் போகிற கப்பலில் மாநாடு கூட்டி, நகரத்தின் வேலை நான்குதான் என்று தீர்மானித்தார்கள்: குடியிருப்பது, உழைப்பது, பொழுதுபோக்குவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வருவது. நான்கையும் தனித்தனியாக வைக்க வேண்டும். லெ கொர்பூசியே பத்தாண்டு கழித்து அதை ஏதென்ஸ் சாசனம் என்று புத்தகமாகப் போட்டார். ஆலைப் புகைக்கு நடுவே பிள்ளை பெற்று வளர்த்த ஐரோப்பியத் தொழிலாளியை நினைத்து எழுதியது என்று பார்த்தால் நியாயமான சாசனம்தான். அதே நியாயம் தெற்காவணி மூல வீதிக்கும் வந்து சேர்ந்தது. தபாலில் வந்த மருந்தை, சீட்டு யாருக்கு எழுதியது என்று பார்க்காமல் எங்கள் சந்துக்குப் புகட்டினார்கள்.

எங்கள் தொழிலுக்கு இன்னொரு கப்பல் கதையும் உண்டு. அதைத் தேர்வில் ‘சிறு குறிப்பு வரைக’ என்ற இடத்தில் மட்டும் கேட்பார்கள். ஸ்காட்லாந்துக்காரர் பாட்ரிக் கெடிஸ் 1914இல் தன் நகரமைப்புக் கண்காட்சியை மூட்டை மூட்டையாகக் கட்டி இந்தியாவுக்கு ஒரு கப்பலில் அனுப்பிவைத்தார். அதை மூழ்கடித்தது எம்டன் போர்க்கப்பல். செப்டம்பரில் மெட்ராஸ் துறைமுகத்தில் குண்டு போட்டு, ஊரில் முரட்டு ஆளுக்கெல்லாம் பட்டப்பெயராகிப் போன அதே எம்டன். கெடிஸ் அசரவில்லை. நண்பர்களிடம் படங்கள் திரட்டி, 1915 தொடக்கத்தில் மெட்ராஸில் கண்காட்சி வைத்தார். மாகாணத்தில் பல ஊர்களைக் கால்நடையாகச் சுற்றி அறிக்கை எழுதினார். தஞ்சாவூரும் மதுரையும் அதில் உண்டு. அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: ஊரை இடித்து நேர்ரோடு போடாதே, சந்து சந்தாக நடந்து பார், இடிந்து விழப்போகிற வீட்டை மட்டும் எடுத்துவிட்டு, அங்கே ஒரு மரமும் கொஞ்சம் வெளிச்சமும் வை, மிச்சத்தை ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள். செலவில்லாத யோசனை. அதனால்தானோ என்னவோ, அதற்கு இரண்டு மார்க்குக்கு மேல் யாரும் கொடுக்கவில்லை.

கெடிஸ் எங்கள் சந்துக்குள் வந்தாரா என்று தெரியாது. வந்திருந்தால் சாக்கடையைப் பார்த்து அசந்திருப்பார்.

அந்தச் சாக்கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்னே இரும்புச் சட்டி, துடைப்பம், தகடு சகிதம் சிலர் வருவார்கள். பட்டறை வாசல்களைக் கூட்டி அள்ளுவார்கள். பிறகு சாக்கடையில் இறங்கி அடிமண்ணை வழித்தெடுத்து, சட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டி அலசுவார்கள். கடைசியில் சட்டியின் அடியில் ஒரு பிடி கருமண் தங்கும். அதில் பாதரசம் விட்டு உருட்டினால், ஆசாரி அரம் போடும்போது பறந்த தங்கத்தூள் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுட்டால் பொட்டுத் தங்கம். அன்றைய சாப்பாட்டுக்கு ஆகும். அதிர்ஷ்டமிருந்தால் அதற்கு மேலும். மதுரையிலேயே அடைப்பில்லாத சாக்கடை எங்கள் சந்துச் சாக்கடைதான். அதற்குக் காரணம் சுகாதாரம் இல்லை, சேதாரம். எங்கேயோ ஒரு கல்யாணத்துக்கு நகை வாங்கியவர் செய்கூலியோடு சேர்த்துக் கொடுத்த சேதாரக் காசில் எங்கள் வாசல் தூர்வாரப்பட்டது. நகராட்சிக்குச் சல்லிக்காசு செலவில்லை. இப்படி ஒரு பராமரிப்புத் திட்டத்தை நாற்பது வருஷ உத்தியோகத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சந்துக்கு இரவு என்று தனியாக ஒன்று கிடையாது. பட்டறையில் தட்டுச் சத்தம் ஓய்ந்ததும் கீழமாரட் வீதிப் பக்கம் வெங்காய லாரிகள் சரக்கிறக்க வந்துவிடும். அவர்களுக்காக இட்லிக் கடை திறக்கும். இட்லிக்காரம்மா கடையைக் கட்டும்போது பால்காரர். பால்காரர் போனதும் சட்டிக்காரர்கள். ஒரே ஆறடிச் சந்தை நாலு தொழில் முறைவைத்துப் பிரித்துக்கொண்டிருந்தது. யாரும் அட்டவணை போடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவுக்கு யார் எந்த நேரத்துக்கு வர வேண்டும் என்று தெரியும். நேரம் தப்பி வந்த முகம் தெரியாத ஆளை “யாரப்பா நீயி, யார் வீட்டுக்கு?” என்று மாடியிலிருந்தே நிறுத்துவாள்.

நியூயார்க்கில் ஹட்சன் தெருவில், முன்பு மிட்டாய்க் கடையாக இருந்த ஒரு கட்டடத்தில் வாழ்ந்த ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மாள், தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள்தான் போலீசை விடப் பெரிய காவல் என்று 1961இல் புத்தகம் எழுதினார். எங்கள் துறையையே அந்தப் புத்தகம் புரட்டிப்போட்டது. படித்தபோது எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்தாள். கூடவே என் அக்காவும். ஜேக்கப்ஸ் கண்களைப் பற்றித்தான் எழுதினார். எங்கள் சந்தில் அந்தக் கண்களுக்குக் கீழே வாயும் இருந்தது. அக்கா டைப்ரைட்டிங் முடித்துப் பத்து நிமிஷம் தாமதமாக வந்தாலும், அவள் படியேறுவதற்கு முன்னே செய்தி ஏறிவிடும். கல்யாணமாகித் திருச்சிக்குப் போனபோது அவள் அழாததற்குச் சந்தே காரணம்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்தடிக்குப் பதினைந்தடிப் பட்டறையில் நாலு பேர் குனிந்து உட்கார்ந்து ஊதுகுழல் ஊதுவார்கள். திராவகத்தில் நகையைப் போட்டு எடுக்கும்போது கிளம்பும் புகை நேரே எங்கள் மாடிக்குத்தான் வரும். அம்மா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு குழம்பு கொதிக்கவைப்பாள். கக்கூஸ் மூன்று குடித்தனத்துக்கு ஒன்று. காலையில் அங்கே நிற்கிற வரிசையில் யாருக்கும் யார்மீதும் சகோதர பாசம் வந்ததாக நினைவில்லை. பழைய ஊரைப் பற்றி ‘அன்யோன்யம்’ என்று உருகி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தனிக் கக்கூஸ் இருந்த வீட்டுப் பிள்ளைகள்.

ஆகையால் வீட்டுவசதி வாரியம் அண்ணா நகரில் வீடு ஒதுக்கியதும் அப்பா இரண்டாம் முறை யோசிக்கவில்லை. 1980ஐ ஒட்டிய காலம். ஊரே வெளியே போய்க்கொண்டிருந்தது: அண்ணா நகர், கே.கே. நகர், எல்லிஸ் நகர். வெளிச்சம், காற்று, நான்கு பக்கமும் இடம்விட்ட வீடு, சொந்தக் கக்கூஸ். மஞ்சளிலும் மஞ்சள், கலப்பில்லாத மஞ்சள். அந்த மஞ்சளில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்க அம்மா பஸ் ஏற வேண்டியிருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் சத்தமே இல்லாததால் அப்பத்தாவுக்குத் தூக்கம் வரவில்லை. “ஊர்ல யாரும் செத்துப்போய்ட்டாங்களாடா?” என்று கேட்டாள்.

அது ரொம்ப நாள் நீடிக்கவில்லை. மூன்றாவது வீட்டு மதினி கார் நிறுத்தக் கட்டிய கொட்டகையில் இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தார். அவர்களிடம் கார் கிடையாது. முனை வீட்டில் ஜெராக்ஸ் வந்தது. அடுத்து ஒரு டாக்டர் வாசல் அறையில் போர்டு மாட்டினார். அதற்குள் நான் உத்தியோகத்தில் சேர்ந்திருந்தேன். குடியிருப்புப் பகுதியில் வணிகம் நடத்துவது 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி விதிமீறல் என்று நோட்டீஸ் தயாரிப்பதும் எங்கள் மேசை வேலைகளில் ஒன்று. நோட்டீஸ் வாங்கியவர்கள் அதை மடித்துப் பத்திரப்படுத்தினார்கள். நாளைக்கு ‘இத்தனை வருஷமாக இங்கே கடை இருக்கிறது’ என்று நிரூபிக்க அதை விட நல்ல சான்று கிடையாது. இன்று அண்ணா நகர் 80 அடி ரோட்டில் வீடு எது என்று தேட வேண்டும்.

அதே சமயம் சந்தில் எதிர்த்திசையில் வேலை நடந்தது. குடும்பங்கள் போனதும் மாடிகளில் அட்டைப்பெட்டிகள் குடியேறின. அப்பத்தாவின் ஜன்னலை உள்ளிருந்து செங்கல் வைத்து அடைத்தார்கள்; சரக்குக்குக் காற்று எதற்கு? ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கினால் கூர்க்காவும் நாயும்தான். நான் மாணவனாக இருந்தபோது பூசிய நீலம் அப்போதுதான் உண்மையாயிற்று. வரைபடத்தை ஊருக்கேற்பத் திருத்துகிற சிரமத்தை ஊரே எங்களுக்கு வைக்கவில்லை.

இனி இப்போதைய கதை.

ஓய்வு பெற்றுப் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவனை ஒரு கட்டுமான நிறுவனத்தார் ஆலோசகராக அழைத்தார்கள். வெளி வீதியைத் தாண்டி, பழைய கிட்டங்கிகள் இருந்த சில ஏக்கர் நிலம். அங்கே ‘கலப்புப் பயன்பாட்டுக் குடியிருப்பு’ கட்டப் போகிறார்கள். திட்டத்தின் பெயரில் ‘ஹெரிடேஜ்’ உண்டு. இளம் கட்டடக் கலைஞர் ஒருத்தி, கெட்டிக்காரப் பெண், திரையில் விளக்கினாள்: “கீழே கடைகள் சார். மேலே வீடுகள். வீட்டிலேயே வேலை செய்ய ஒரு ஸ்டூடியோ. எல்லாம் நடந்து போகிற தூரத்தில். தெருவைப் பார்த்த பால்கனிகள். வெளிநாட்டில் இதுதான் இப்போது புதிய சிந்தனை.”

எனக்கு வைத்திருந்த பில்டர் காபியைக் குடித்தேன். புதிய சிந்தனையைக் கேட்டு நான் ஆச்சரியப்படுவதற்குத்தான் சம்பளம் என்று தோன்றியது.

படங்கள் அழகாக இருந்தன. கல் பாவிய தெருவில் வெள்ளைக்காரி ஒருத்தி நாயைப் பிடித்துக்கொண்டு போகிறாள். ஒரு குழந்தை பலூன் வைத்திருக்கிறது. மரங்களின் இலை செம்மஞ்சள். மதுரையில் எந்த மாதத்தில் எந்த மரம் அப்படிப் பழுக்கும் என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தக் கல் தெருவில் நாய்கூட நடக்காது என்பதையும். ஒரு பக்கம் சிற்பத் தூண்கள் வைத்த நீண்ட மண்டபம்: ‘கைவினை வளாகம்’. கோயிலுக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தைப் பார்த்துச் செய்தது என்றாள். புதுமண்டபத்தில் காலங்காலமாகத் தையல் மெஷின்களும் புத்தகக் கடைகளும் வளையல் கடைகளும் தூணுக்குத் தூண் அடைத்துக்கொண்டிருந்தன. சிற்பங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று அவற்றையெல்லாம் இப்போது பக்கத்தில் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களைப் பார்த்தால் அது நியாயம்தான். ஆக, மண்டபம் இருக்கிற இடத்தில் கடை கூடாது. கடை வருகிற இடத்தில் மண்டபம் வேண்டும்.

முதல் தகராறு வட்டத்தால் வந்தது. மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் ஆர வட்டத்துக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது. கோபுரம் மறையக் கூடாது என்பதற்கான விதி. அந்த வட்டம் எங்கள் மனைக்கு நடுவே போயிற்று. ஒரு பாதியில் தரையோடு சேர்த்து மூன்று தளம். மறுபாதியில் உயரத்துக்குப் போகலாம். முதலாளிக்கு ஒரே வருத்தம். “அம்மன் பார்வை நம்ம மனை மேல பாதிதான் சார் விழுது” என்றார். அவர் அதை வருத்தமாகச் சொன்னாரா, நிம்மதியாகச் சொன்னாரா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்தது கார். 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் எத்தனை வீட்டுக்கு எத்தனை கார் என்று கணக்குண்டு. ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். அது வளைந்து வந்து போக அதே அளவு இன்னும். பட்டறையின் அளவை மனதில் ஓட்டிப் பார்த்தேன். நாலு குடும்பம் சோறு தின்ற இடத்தில் ஒரு கார் நிற்கலாம், கொஞ்சம் இடித்துக்கொண்டு. கணக்கு முடிந்தபோது கீழ்த்தளத்தில் பெரும்பகுதி கார்களுக்கே போய்விட்டது. ‘கீழே கடை, மேலே வீடு’ என்று தொடங்கியது ‘கீழே கார், மேலே வீடு, மூலையில் கடை’ என்று முடிந்தது. கோயிலுக்கு நடந்து போகும் தூரம் என்பதுதான் விளம்பரத்தின் முதல் வரி. நடந்து போகிறவர்களுக்கு ஆளுக்கொரு கார்.

தெரு அகலம் பற்றிப் பேசும்போது அந்தப் பெண் நல்ல கேள்வி ஒன்று கேட்டாள்: “நாயக்கர் காலத்தில் மாசி வீதிக்கு அகலத்தை எதை வைத்து முடிவு பண்ணினார்கள்?” எனக்குத் தெரிந்தவரை தேரை வைத்துத்தான். கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரம் சதுரமாக விரிகிற வீதிகள். ஒவ்வொன்றும் ஒரு திருவிழாவின் ஊர்வலப் பாதை. சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது மாசி வீதியில். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், வீதி மட்டும் பழைய மாதத்திலேயே நின்றுவிட்டது என்பார்கள். தேர் திரும்ப முனையில் இடம் வேண்டும், வடம் பிடிக்கிறவர்களுக்கு முன்னால் நீளம் வேண்டும், சறுக்குக்கட்டை போடுகிறவர் ஓடி ஒதுங்கப் பக்கத்தில் இடம் வேண்டும். வருஷத்தில் ஒரு நாளுக்கு வேண்டிய இடத்தில் மற்ற நாளெல்லாம் ஊர் வியாபாரம் செய்துகொண்டது. “நம்ம தெருவுக்கு எதை வைத்து அகலம் போட்டிருக்கிறோம்?” என்று கேட்டேன். தீயணைப்பு வண்டி என்றாள். சரிதான், ஏதோ ஒரு பெரிய வண்டி.

இதற்கெல்லாம் நான் சண்டை போடவில்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம் பிடித்தேன். கீழ்த்தளத்துக் கடைகளைப் பத்தடி பத்தடியாகப் பிரித்து, ஆளுக்கொன்றாக விற்றுவிடுங்கள் என்றேன். வாடகைக்கு விடாதீர்கள், விற்றுவிடுங்கள்.

காரணம் இருக்கிறது. 1840ஐ ஒட்டிய வருஷங்களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடித்தார். எழுபத்திரண்டு கொத்தளம், சுற்றிலும் அகழி. இடித்துத் தள்ள அரசாங்கத்திடம் பணமில்லை. எந்தத் துண்டை எவன் இடித்து அகழியைத் தூர்க்கிறானோ அந்த இடம் அவனுக்கே என்று சொல்லிவிட்டார். மேலவெளி வீதியில் பெரியார் பேருந்து நிலையத்தருகே மிஞ்சி நிற்கிற துண்டைத் தவிர மற்றதெல்லாம் காணாமல் போயிற்று. அளந்து பிரித்துக் கொடுத்த மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பேரிலும் வீதிகள் உண்டு; கலெக்டருக்கு விளக்குத்தூண். ஒரு வரலாற்றுச் சின்னத்தை ஜனங்களை வைத்தே இடிக்கவைத்த துரையைப் பாராட்டுகிறவன் இல்லை நான். ஆனால் நிலம் சின்னச் சின்னத் துண்டாக ஆயிரம் கைக்குப் போனதால், ஒருவன் நஷ்டப்பட்டு மூடினால் பக்கத்தில் இன்னொருவன் வேறொன்று வைத்துப் பார்த்தான். அந்தப் பகுதி இன்றுவரை ஓடிக்கொண்டிருப்பது அதனால்தான். கலப்பு என்பது ஒரே கைக்குள் இருந்தால், அந்தக் கை எந்த வாடகையைக் கேட்கிறதோ அதைக் கொடுக்க முடிந்தவன் மட்டும் வருவான். ஜேக்கப்ஸ் அம்மாளும் புதிய முயற்சிகளுக்குப் பழைய கட்டடங்கள் வேண்டும் என்று இதைத்தான் சொன்னார். பழைய கட்டடத்தில் வாடகை குறைவு.

அந்தப் பெண்ணுக்குப் பிடித்திருந்தது. முதலாளிக்கு இல்லை.

“பத்தடிக் கடைய வித்தா டீக்கடை போட்டுருவாய்ங்க சார்.”

“போடட்டுமே.”

“டீக்கடை போட்டா பெஞ்சு போடுவாய்ங்க.”

“சரி.”

“பெஞ்சு போட்டா ஆளு வந்து உக்காருவாய்ங்க சார்!”

திரையில் அந்த நேரம் தெருவின் இரு பக்கமும் வரிசையாகக் கல் பெஞ்சுகள் போட்ட படம் ஓடிக்கொண்டிருந்தது. அவற்றில் யாரும் உட்காரவில்லை. விலைப்பட்டியலில் அதற்குச் ‘சமுதாய இருக்கை’ என்று பெயர்.

கடைகள் வாடகைக்கே விடப்பட்டன. அனுமதிக்கப்பட்ட தொழில்களுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள்: மருந்துக் கடை, பல் வைத்தியம், காபிக் கடை, அழகு நிலையம். அனுமதியில்லாதவை இன்னும் நீளம்: மாவு மில், பஞ்சர் கடை, மீன், சத்தம் வருகிற எந்தப் பட்டறையும், எண்ணெய்ச் சட்டி வைக்கிற எதுவும். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது. தெருவைப் பார்த்த பால்கனியில் ஏசி மெஷின்கள் உட்கார்ந்தபின் அங்கே மனிதர் நிற்க வழியில்லை என்பதால் இந்தக் கடைசி விதியை யாரும் மீறவும் இல்லை. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு இவ்வளவு என்று மாதாமாதம். முதல் மழையில் மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டது. சட்டிக்காரர்களுக்கு அங்கே அரிக்க என்ன இருக்கிறது?

குடியேறி வருஷம் திரும்புவதற்குள் காபிக் கடை மூடிவிட்டது. வாடகைக்குக் கட்டுப்படியாகவில்லை. இப்போது உள்ளே ஒரு மருந்துக் கடையும், பணம் இல்லாத ஏடிஎம்மும், அடுத்த திட்டத்துக்கான விற்பனை அலுவலகமும் இருக்கின்றன.

ஆனால் மதில்சுவருக்கு வெளியே, எந்தப் படத்திலும் நாங்கள் வரையாத இடத்தில், காரியம் வேறு மாதிரி நடந்தது. முதலில் ஒருவர் தள்ளுவண்டியில் இஸ்திரிப் பெட்டியோடு வந்தார். பிறகு பூக்கார அக்கா. வேலைக்கு வருகிற பெண்களுக்காக ஒரு டீக்கடை. டீக்கடைக்கு வந்த டிரைவர்களுக்காகப் பஞ்சர் ஒட்டுகிறவர். சாயங்காலம் பணியாரக்கார ஆச்சி. ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிற கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்காகப் பரோட்டா. கேட்டுக்கு வெளியே இருந்த சமுதாய இருக்கைகள் இரண்டிலும் இடம் கிடைப்பதில்லை. முகம் தெரியாத ஆள் மதில் பக்கம் நின்றால் பூக்கார அக்கா “யாருப்பா, எந்த பிளாட்டுக்கு?” என்று கேட்டுவிடுகிறார். கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி கேட்பதில்லை. அவர் ரிஜிஸ்டரில் கையெழுத்து மட்டும் வாங்குவார்.

குடியிருப்போர் சங்கத்தார் போன மாதம் என்னைத் தேடி வந்தார்கள். மதிலோர ஆக்கிரமிப்புகளை அகற்றக் கோரி மாநகராட்சிக்கு மனு. “சார்தான் டவுன் பிளானிங் ஆளு, சட்டப் பிரிவெல்லாம் போட்டு நல்லா எழுதிக் கொடுங்க” என்றார் செயலாளர். பழக்கதோஷம், எழுதிக் கொடுத்தேன்; ஆறு ஆக்கிரமிப்பு, வரிசை எண்ணோடு.

கையெழுத்துக்குச் சுற்றியபோது இஸ்திரிக்காரரை மட்டும் விட்டுவிடலாமே என்றார் முதல் பிளாக்கில் ஒரு வங்கி மேலாளர். அவருடைய சட்டைகள் அங்கே இருந்தன. வரிசை எண் ஒன்றை அடித்தார்கள். பூக்கார அக்கா வாசலுக்கே வந்து கொடுக்கிறாரே என்று மாமிகள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். இரண்டும் போயிற்று. டீக்கடையை எடுத்தால் எங்களுக்குச் சமையல்காரம்மா வர மாட்டார் என்றார்கள் மூன்று வீட்டில். பஞ்சர்காரர் செயலாளருக்கே வேண்டியவர். ஆச்சியின் பணியாரத்துக்குப் பேத்திகள் வாக்கு. பரோட்டாவுக்கு எதிராகக் கையெழுத்துப் போட வேண்டிய பிள்ளைகள் அந்த நேரத்தில் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மனுவை அப்படியே கைவிட முடியாது. தீர்மானம் போட்டாயிற்று, தபால் தலையும் வாங்கியாயிற்று. திருத்திய பிரதியை நேற்றுக் கொண்டுவந்து காட்டினார் செயலாளர். பொருள், பார்வை, சட்டப் பிரிவுகள் எல்லாம் நான் எழுதியபடியே இருந்தன. கோரிக்கை மட்டும் ஒன்றாகச் சுருங்கியிருந்தது: கேட்டுக்கு வெளியே உள்ள இரண்டு கல் பெஞ்சுகளையும் உடனடியாக அகற்ற வேண்டும்.